அத்தை போனுக்கு வந்த எண்

“இனி இந்த வீட்டு வாசலை மிதிச்சேன்னா என்னன்னு கேளு” என்று சென்ற வார அத்தியாயத்தில் ஆவேசமாகச் சொல்லிவிட்டுப் போன நாத்தனார், மறுநாள் பொழுது விடிந்ததும் விடியாததுமாக அதே வாசலில் நின்று மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த மருந்தக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். நாத்தனார் கோபித்துக்கொண்டு போவதும் திரும்பி வருவதும் இந்த வீட்டில் பால் பாக்கெட் வருகிற மாதிரி. ஒரு நாள் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

“வாங்க அண்ணி. டீ போடட்டுமா?”

“டீ குடிக்கவா வந்தேன்? இன்னைக்குக் கடைசி நாள். என் தம்பி மனசு மாறினானா இல்லையான்னு பார்க்க வந்தேன். சர்க்கரை கம்மியாப் போடு.”

நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. தெருவே மருந்தக்கா என்று கூப்பிடும் இவள், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளர். கணவர் வரி அலுவலகத்தில் அதிகாரி. இப்போது வந்து உட்கார்ந்திருக்கும் நாத்தனார் அவருடைய அக்கா, வரி ஆலோசகர். தம்பி நோட்டீஸ் அனுப்புகிற கட்சி, அக்கா அதற்குப் பதில் எழுதுகிற கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரே பெண், சிட்டு.

பள்ளிப்படிப்பு முடித்த கையோடு “நான் டாக்ஸேஷன்தான் படிப்பேன்” என்று சிட்டு சொன்ன அன்று இருவருக்கும் தலைகால் புரியவில்லை. “என் ரத்தம்ல” என்றார் அப்பா. “எங்க வீட்டு ரத்தம்னு சொல்லு, அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா” என்றாள் அத்தை. அன்று பிடித்த வாக்குவாதம், எந்தக் கல்லூரி என்பதில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரிகளை உருவாக்குவதில் பேர்போனது மணிக்கூண்டுக் கல்லூரி. ஆலோசகர்களை உருவாக்குவதில் பேர்போனது கண்ணாடிக் கட்டடக் கல்லூரி. அதிகாரியாக இருக்கிற தம்பி கண்ணாடிக் கட்டடம் என்கிறார். ஆலோசகராக இருக்கிற அக்கா மணிக்கூண்டு என்கிறாள். எதிர்ப்பக்க நாற்காலிதான் எல்லாருக்கும் மெத்தென்று தெரியும் போலிருக்கிறது.

“உத்தியோகம்னு போனா ஊர் ஊரா மாத்துவான். மேல இருக்கிறவன் கத்துவான், கீழ இருக்கிறவன் மொட்டைக் கடுதாசி போடுவான்” என்றார் அதிகாரி, முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து. “என் பொண்ணு தனக்குன்னு ஒரு ஆபீஸ் போட்டு ராஜாத்தியா உட்காரட்டும்.”

“உட்காருவா, ஏன் உட்கார மாட்டா? உன்னை மாதிரி ஆளுங்க ரூம் வாசல்ல, பெஞ்சுல! இத்தனை வருஷமா அந்தப் பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கிறவ நான். அவளாவது உள்ள உட்காரட்டும்டா.”

“அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் சிட்டு.

“இரு கண்ணு. அக்கா, நீ என்ன சொல்ல வர்றேன்னா...”

“அத்தை, நான் என்ன நினைக்கிறேன்னா...”

“பெரியவங்க பேசறப்ப நடுவுல வராதே. உனக்காகத்தானே தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டு இருக்கோம்!”

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். மருந்தக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். “அப்புறம் சொல்லுடா. எனக்கு பஸ் போயிடும்” என்றாள். சொன்ன பிறகு மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் பஸ் நிஜமாகவே போய்விடும்.

சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஏதாவது ஒரு கல்லூரியை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் கிடைத்த இடமெல்லாம் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் மூன்று கல்லூரி கேட்கிறார்களே என்று ஒப்புக்குப் போட்ட மலையடிவாரக் கல்லூரியிலும் சிட்டுவுக்கு இடம் வந்திருந்தது. அதை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர்.

“அஞ்சு மணி, அஞ்சு மணின்னு ஏன் எல்லாரும் பதறுறீங்க?” என்றாள் நாத்தனார், டீயை ஊதிக்கொண்டே. “எப்படியும் நீட்டிப்பாங்க. நீட்டிக்காத கடைசி நாளை என் தொழில்ல நான் பார்த்ததே இல்லை.”

“நீட்டிக்கிறது எங்க டிபார்ட்மென்ட்டு அக்கா. உன்னை மாதிரி ஆளுங்க தொல்லை தாங்காம நீட்டிக்கிறோம். காலேஜ்காரன் எதுக்கு நீட்டிக்கணும்?”

“பார்க்கலாம்.”

“பார்க்கலாம்.”

ஆளுக்கொரு பக்கம் கிளம்பிப் போனார்கள். முடிவு மட்டும் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

மருந்தகத்தில் அன்று கூட்டம் நெரிந்தது. ஒரு டாக்டர் கோழி கிளறின மாதிரி எழுதிய சீட்டு, அதை வாசிக்கத் தெரியாததற்கு மருந்தக்காவைத் திட்டும் நோயாளி, “எனக்குப் பின்னாடி வந்தவருக்கு ஏன் முதல்ல குடுத்தீங்க” என்று ஒரு பெரியவர். இத்தனைக்கும் நடுவில் மேசையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

“உன் பொண்ணுகிட்டச் சொல்லு, கண்ணாடிக் கட்டடம்னு” என்றார் கணவர்.

“நீங்களே சொல்லுங்களேன்.”

“நான் சொன்னா அக்கா என் மேல பாய்வா. நீ சொன்னா உன் மேல பாய்வா.”

அவர் போனை வைத்த சூட்டோடு நாத்தனார் கூப்பிட்டாள். “மணிக்கூண்டுதான். உன் புருஷன் கிடக்கான். நான் ஒரு வாடிக்கையாளர் வழக்கு விசாரணைக்கு உள்ள போறேன், அப்புறம் பேச முடியாது.”

மருந்தக்காவிடம் யாரும் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணிக்கூண்டு என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு அதிகாரியும் ஒன்றுதான், ஆலோசகரும் ஒன்றுதான். மணிக்கூண்டுக் கல்லூரிக்குப் போகிற பஸ் ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போகும். காலையில் மகளோடு சேர்ந்து ஏறலாம், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம். வீட்டில்தான் ஒருத்தரும் பேச விடுவதில்லையே. இந்த ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மூடி வைத்திருந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது சிட்டு மூச்சிரைக்க மருந்தகத்துக்குள் ஓடி வந்தாள்.

“அம்மா, நீங்க யாரும் முடிவு பண்ற மாதிரி தெரியலைன்னு நானே உறுதி பண்ணப் போனேன். ஒரு நம்பர் கேக்குது. பாதுகாவலர் போனுக்கு அனுப்பியிருக்காம்.”

“அப்பா போனுக்கா? கேட்டு வாங்கறதுதானே?”

“அப்பா போனுக்கு வரலைம்மா. அத்தை போனுக்கு.”

மருந்தக்கா கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள். ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விளங்கியதும் எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

நாத்தனாருக்கு அது கைப்பழக்கம். டயர் கடைக்காரருக்கு விண்ணப்பம் நிரப்பினாலும் சரி, அச்சகக்காரருக்கு நிரப்பினாலும் சரி, தொலைபேசி எண் என்று கேட்கிற இடத்தில் அவளுடைய எண்ணைத்தான் போடுவாள். பொறுப்பாளர் என்று கேட்டால் அவள் பேர்தான். வாடிக்கையாளரைத் தேடிப் போய் எண் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பாள். அரசாங்கத்தின் கணக்கில் அவளுடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஒரே போனுக்குள் குடியிருக்கிறார்கள். சிட்டுவின் கல்லூரி விண்ணப்பத்தை “நீங்க தப்பும் தவறுமாப் போடுவீங்க, கொண்டா இங்க” என்று பிடுங்கி நிரப்பியவளும் அவள்தான்.

போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாத்தனாரின் அலுவலகத்துக்குப் போட்டதும் உதவியாளர் எடுத்து, “மேடம் வரி ஆபீஸ் மூணாவது மாடியில விசாரணையில இருக்காங்க. போனை வெளியில பெட்டியில வச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க” என்றார்.

சக ஊழியரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு மருந்தக்கா மகளை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். சிக்னலுக்கு சிக்னல் சிவப்பு விழுந்தது.

“அம்மா, நான் எந்தக் காலேஜைப் போட்டிருக்கேன்னா...”

“எதையோ ஒண்ணைப் போட்டியே, அதுவே புண்ணியம். முதல்ல அந்த நம்பர் கைக்கு வரட்டும்.”

சிட்டு ஆட்டோவுக்கு வெளியே பார்த்தாள்.

வரி அலுவலகத்தில் அதிகாரியின் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. மனைவியும் மகளும் அலறியடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“மூணாவது மாடியில விசாரணை. என்னங்க உட்கார்றீங்க? எழுந்திருங்க, ஓடிப் போய்க் கூட்டிட்டு வாங்க!”

“நான் மூணாவது மாடிக்குப் போகக் கூடாது.”

“ஏன், தரை சுடுமா?”

“அக்கா வாதாடற வழக்கு நடக்கிறப்ப அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். தம்பி வந்து கதவைத் தட்டினான்னு ஒருத்தன் சொன்னாப் போதும். இத்தனை வருஷம் காப்பாத்தின பேரு...”

“பேரைக் காப்பாத்திக்குங்க. பொண்ணு படிப்பை நான் காப்பாத்திக்கிறேன்” என்று மருந்தக்கா படியேறினாள். லிப்ட்டில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு அதுவும் ஒட்டியிருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

விசாரணை அறைக் கதவை அவள் தள்ளியபோது உள்ளே நாத்தனார் எழுந்து நின்று, “இந்த ஒரு முறை மட்டும் கால அவகாசம் வேணும் சார்” என்று குழைந்துகொண்டிருந்தாள். எதிரே இருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“நீங்க யாரும்மா?”

“மன்னிச்சுக்குங்க சார். எங்க அண்ணியைக் கொஞ்ச நேரம் வெளிய அனுப்புங்க. அவங்களுக்கு அவகாசம் இருக்கு, எங்களுக்கு இல்லை.”

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாத்தனார் முகம் சிவந்து வெளியே வந்தாள்.

“அறிவிருக்கா உனக்கு? என் மானத்தை வாங்கறதுக்குன்னே...”

“அப்புறம் திட்டுங்க அண்ணி. போனை எடுங்க.”

காவலாளி மரப்பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார். முன்பு வந்த எண் காலாவதியாகிவிட்டிருந்தது. சிட்டு தன் போனில் மறுபடி அனுப்பச் சொல்லி அழுத்தினாள். எல்லாரும் நாத்தனாரின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் என்றால் அவள் தம்பியும்தான். மனசு கேட்காமல் படியேறி வந்தவர், மூன்றாவது மாடியில் கால் வைக்காமல் அதற்குக் கீழே படி திரும்புகிற இடத்தில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

போன் சிணுங்கியது. நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். “மலையடிவாரக் கல்லூரியில்... தங்கள் இடத்தை உறுதி செய்ய...” நிமிர்ந்தாள். “என்னடி இது? தப்பா அழுத்திட்டியா?”

“இல்லை அத்தை. அதைத்தான் அழுத்தினேன்.”

“எதை?” என்றார் அதிகாரி கீழேயிருந்து.

“உன் பொண்ணு மலையடிவாரத்துக்குப் போறாளாம்டா!”

“அந்தக் காட்டுக்கா? கூடவே கூடாது. அக்கா, நம்பரைச் சொல்லாதே!”

“நான் ஏன் சொல்றேன்?” நாத்தனார் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் கீரியும் பாம்புமாக இருந்த அக்காவும் தம்பியும் ஒரே மூச்சில் ஒரே கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

மருந்தக்காவுக்கோ, பஸ், பக்கத்து இருக்கை, நாலு வார்த்தை எல்லாம் ஒரு வரியில் போய்விட்டது. “ஏன்டா சிட்டு?” என்றாள்.

“காலையிலேருந்து அதைத்தானேம்மா சொல்ல வர்றேன்! யாராவது கேட்டீங்களா?” சிட்டுவின் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் வந்த கண்ணீர். “ரெண்டு வருஷம் முன்னாடி லீவுல உன் மருந்தகத்துல பில் போட உட்கார்ந்தேன். தோல் களிம்பு ஒண்ணு. அதே களிம்பு, அதே கம்பெனி. மருந்துன்னு டப்பால போட்டிருந்தா ஒரு வரி, முகப்பூச்சுன்னு போட்டிருந்தா வேற வரி. உள்ள இருக்கிறது ஒண்ணுதானே, இது மருந்தா அழகு சாமானான்னு யாரும்மா முடிவு பண்றாங்கன்னு உன்னைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

“நான் என்ன சொன்னேன்?”

“வாயை மூடிக்கிட்டு பில்லைப் போடுன்னு சொன்னே.”

சொல்லியிருப்பாள். வரிசை வாசல்வரை நின்றிருக்கும்.

“அன்னைலேருந்து அது மண்டையைக் குடையுது. மணிக்கூண்டுல வரி எப்படி வாங்கறதுன்னு சொல்லித் தருவாங்க. கண்ணாடிக் கட்டடத்துல எப்படிக் குறைக்கறதுன்னு சொல்லித் தருவாங்க. எனக்கு எதுக்கு எந்த வரின்னு தெரியணும். மலையடிவாரத்துல வாராவாரம் ஒரு பொருளை நடுவுல வச்சுட்டு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு வாதாடுவாங்களாம். அவங்க வகுப்பை எல்லாம் நெட்ல பார்த்தேன். அதைப் படிக்கத்தான் ஆசை. அப்பாவைப் பார்த்தும் இல்லை, அத்தையைப் பார்த்தும் இல்லை.”

என் ரத்தம், என் ரத்தம் என்று சொன்ன இரண்டு பேரில் அக்கா போனின் திரையைத் துடைத்தாள். அதிகாரி படியில் இருந்தபடியே சுவரைப் பார்த்தார்.

மருந்தக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பெரிய முள் நெருங்கிவிட்டது. அவள் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும், நேரம் தானாகப் போய்விடும். பழி நாத்தனார் மேல் விழும். மகள் மலையடிவாரத்துக்குப் போகமாட்டாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்படியே நின்றுவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்தாள். காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே ஒதுக்கிவிட்ட அதே முகம்.

“அண்ணி, போனைக் குடுங்க.”

“மாட்டேன். உனக்கென்ன பைத்தியமா? வயசுப் பொண்ணை அத்தனை தூரம்...”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை உரக்கப் பேசாத மருந்தக்கா, அந்தக் கையைப் பிடித்து விரலைப் பிரித்துப் போனைப் பிடுங்கினாள். காவலாளி பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

“சிட்டு, போடு. நாலு.”

“நாலு.”

“ஏழு... ஒண்ணு...” எண்கள் கலங்கித் தெரிந்தன. கையால் கண்ணைத் துடைத்தாள். “ஒன்பது... ரெண்டு...”

“கடைசி நம்பர், அம்மா?”

இதைச் சொன்னால் மகள் போய்விடுவாள்.

“அம்மா! நேரம்!”

“ஏழு” என்றாள் மருந்தக்கா.

சிட்டு அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையில், இடம் உறுதியானது என்று வந்தது. சிட்டு வாய்விட்டுக் கத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து யாரோ “வெளியில என்ன சத்தம்?” என்று அதட்டினார்கள். அதிகாரி படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது.

மருந்தக்கா இன்னும் நாத்தனாரின் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி சிணுங்கியது. கல்லூரியிலிருந்து வாழ்த்து என்று நினைத்து உரக்கவே வாசித்தாள்.

“சேர்க்கை நாளன்று மாணவியுடன், விண்ணப்பத்தில் பதிவான பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் இடம் ரத்து செய்யப்படும்...”

வாசித்து முடிக்கும்போதுதான் என்ன வாசித்தோம் என்று உறைத்தது.

நாத்தனார் கையை நீட்டித் தன் போனை வாங்கிக்கொண்டாள். பிரித்த விரல்களை ஒரு தரம் தடவிவிட்டுக்கொண்டாள். நிதானமாகக் கண்ணாடியை மாட்டி அதையே இன்னொரு முறை வாசித்தாள்.

“பெத்தவளை வரச் சொல்லலை பாரு. என்னைத்தான் வரச் சொல்லுது.”

“அண்ணி, மாத்தி எழுதிக் குடுத்துக்கலாம்...”

“மாத்தறதுக்கும் நான்தான் கையெழுத்துப் போடணும்” என்றாள் நாத்தனார். போனைக் காவலாளியின் பெட்டியில் போட்டுவிட்டு, விசாரணை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து விசும்பவும் சிரிக்கவும் செய்தாள். மருந்தக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே சாத்திய கதவைப் பார்த்தாள். மகள் போகக் கூடாதே என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தவள், அவளை அனுப்பி வைப்பதற்காக இனி நாத்தனாரின் காலில் விழ வேண்டும்.